பாப் ராஸ் ஓவியங்கள் ஏலம்: சுத்தி விழுந்த பிறகு பணம் எங்கே போகிறது?

2025 நவம்பர் 11 அன்று லாஸ் ஏஞ்சலஸில் பான்ஹாம்ஸ் ஏல நிறுவனம், தொலைக்காட்சியில் ஓவியம் தீட்டக் கற்றுக்கொடுத்த பாப் ராஸின் மூன்று ஓவியங்களை, அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு உதவுவதற்காக விற்றது. 'வின்டர்ஸ் பீஸ்' 3,18,000 டாலர், 'ஹோம் இன் தி வேலி' 2,29,100 டாலர், 'கிளிஃப்சைட்' 1,14,800 டாலர். கூட்டினால் 6,61,900. செய்திகளில் இது 6,62,000 என்று வந்தது. படித்தவர்களில் பலர் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சிக்கு ஆறரை லட்சம் டாலருக்கு மேல் கிடைத்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டார்கள். கணக்கு அப்படி ஓடாது.

ஏல நிறுவனம் வெளியிடும் விலைக்குள் இரண்டு தொகைகள் இருக்கின்றன. ஏலக்காரர் சுத்தியைத் தட்டும்போது நிற்கிற தொகை ஒன்று. அதற்கு மேல் வாங்கியவர் ஏல நிறுவனத்துக்குக் கட்டுகிற கட்டணம் இன்னொன்று. வாங்குபவர் பிரீமியம் என்று இதைச் சொல்வார்கள். இந்த அளவு விலைகளில் முதல் 50,000 டாலருக்கு 28 சதவீதம், அதற்கு மேலே போகும் தொகைக்கு 27 சதவீதம். பின்பக்கமாகப் போட்டுப் பாருங்கள். சுத்தி 2,50,000 டாலரில் விழுந்தால் முதல் 50,000க்கு 14,000, மீதி இரண்டு லட்சத்துக்கு 54,000. ஆக 3,18,000. இதே வழியில் இரண்டாவது ஓவியத்துக்கு 1,80,000, மூன்றாவதுக்கு 90,000 என்று வரும். மூன்றும் சேர்ந்து 5,20,000 டாலர். மிச்சம் 1,41,900 டாலர் பிரீமியம்.

விற்பவர் தரப்பின் கணக்கு அந்த 5,20,000இல்தான் தொடங்குகிறது. அதிலிருந்தும் கழிவுகள் இருக்கலாம்: விற்பவர் கமிஷன், போட்டோ செலவு, இன்சூரன்ஸ், லாரி வாடகை. நற்காரியத்துக்கான ஏலம் என்றால் இவற்றில் பலவற்றைப் பேசிக் குறைக்கலாம், சில நிறுவனங்கள் முழுவதுமாக விட்டுக்கொடுப்பதும் உண்டு. எல்லாம் போக நிற்கிற நிகரத் தொகைதான் நிலையங்களுக்கு. 'வருமானம் முழுவதும் நன்கொடை' என்ற வாசகத்தை எங்கே பார்த்தாலும், எந்த வருமானம் என்று கேட்டுவிடுவது நல்லது.

சரி, இந்த ஏலமே எதற்கு? 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம், மத்திய அரசின் பணத்தைப் பொது வானொலி, தொலைக்காட்சி நிலையங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவந்த பொது ஒலிபரப்புக் கழகத்துக்கு ஏற்கெனவே ஒதுக்கியிருந்த பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. இரண்டு நிதியாண்டுகளுக்கு, ஆண்டுக்கு 53.5 கோடி டாலர் வீதம், ஏறத்தாழ 107 கோடி டாலர். அதிபர் டிரம்ப் ஜூலை 24 அன்று கையெழுத்திட்டார். ஆகஸ்ட் முதல் தேதியே அந்தக் கழகம் கடையைக் கட்டப்போவதாக அறிவித்தது. 1967இல் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தால் பிறந்த அமைப்பு அது.

நம்மூரில் பொது ஒலிபரப்பு என்றதும் தூர்தர்ஷனும் ஆகாசவாணியும் நினைவுக்கு வரும்: டெல்லியில் ஒரு தலைமை, கீழே கிளைகள். அமெரிக்க அமைப்பு கிட்டத்தட்ட தலைகீழ். 1,500க்கும் மேற்பட்ட வானொலி, தொலைக்காட்சி நிலையங்கள் தனித்தனி நிர்வாகத்தில் இயங்குகின்றன. சில பல்கலைக்கழகங்களுக்குச் சொந்தம், சில மாநில அரசுகளுக்கு, சில உள்ளூர் அறக்கட்டளைகளுக்கு. பிபிஎஸ் என்பது இந்தத் தொலைக்காட்சி நிலையங்கள் சந்தா கட்டி உறுப்பினராக இருக்கும் அமைப்பு. அது எந்த நிலையத்துக்கும் முதலாளி இல்லை. மத்தியப் பணத்தில் எழுபது சதவீதத்துக்கு மேல் நேராக உள்ளூர் நிலையங்களுக்குப் போனது. பெருநகர நிலையங்களுக்கு அது பட்ஜெட்டில் சிறு பங்குதான். நேயர் சந்தா, விளம்பரதாரர் ஆதரவு, பெரிய நன்கொடைகள் என்று வேறு வழிகள் இருந்தன. அலாஸ்காவின் பெத்தெல் ஊரில் இருக்கும் கேஒய்யுகே போன்ற நிலையத்துக்கோ வருமானத்தில் ஏறக்குறைய எழுபது சதவீதம் அந்தப் பணம்.

அளவு பிடிபட இப்படிப் பார்க்கலாம். ஆண்டுக்கு 53.5 கோடி என்றால் நாளொன்றுக்கு சுமார் 14.7 லட்சம் டாலர். ஏலத்துக்கென்று எடுத்துவைத்த முப்பது ஓவியங்களுக்கும் சேர்த்து முதலில் போட்ட மதிப்பீடு 8.5 லட்சத்திலிருந்து 14 லட்சம் டாலர் வரை. மேல்மட்ட மதிப்பீட்டுக்கே முப்பதும் போனாலும், போன பணத்தில் ஒரு நாள் பங்கு கூட நிரம்பாது. லாஸ் ஏஞ்சலஸ் ஏலத்தின் சுத்தியல் தொகை எட்டரை மணி நேரத்துக்குக் காணும். இதை ஏளனமாகச் சொல்லவில்லை. இந்த ஏலத்தை வடிவமைத்தவர்களுக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்கும். அதனால்தான் ஓட்டை முழுவதையும் அடைக்கப் போகாமல் ஒரே ஒரு செலவைக் குறிவைத்தார்கள்.

அந்தச் செலவு, நிகழ்ச்சி உரிமக் கட்டணம்: பிறர் தயாரித்த நிகழ்ச்சியை ஒளிபரப்ப நிலையங்கள் கட்டும் பணம்.

ஏலத்துக்கு ஓவியங்களைக் கொண்டுவந்தது பிபிஎஸ் இல்லை. பாஸ்டனில் இருக்கும் அமெரிக்கன் பப்ளிக் டெலிவிஷன், சுருக்கமாக ஏபிடி. 1961இல் கிழக்குக் கரை கல்வி நிலையங்களின் கூட்டமைப்பாகத் தொடங்கிய லாப நோக்கற்ற நிகழ்ச்சி விநியோக நிறுவனம். பிபிஎஸ் சந்தா என்பது மொத்த வாடகை மாதிரி. கட்டினால் தேசிய நிகழ்ச்சி வரிசை கிடைக்கும். ஏபிடியிடம் நிலையங்கள் வேண்டியதைத் தேர்ந்தெடுத்து எடுத்துக்கொள்ளும். சில நிகழ்ச்சிகளைத் தயாரிப்பாளரே ஆதரவாளர் பிடித்து இலவசமாகத் தருவார். மற்றவற்றுக்குக் கட்டணம் உண்டு. 'தி பெஸ்ட் ஆஃப் தி ஜாய் ஆஃப் பெயின்டிங்', 'அமெரிக்காஸ் டெஸ்ட் கிச்சன்', 'திஸ் ஓல்ட் ஹவுஸ்', ஜூலியா சைல்டின் பழைய சமையல் நிகழ்ச்சிகள் எல்லாம் இந்த வகையில் வருபவை. சனிக்கிழமை மதியம் ஒரு சிறு நிலையத்தின் திரையை நிரப்புவது இவைதான். நேயர்கள் நன்கொடை தரும் தருணமும் பெரும்பாலும் இவற்றைப் பார்க்கும்போதுதான். பணம் இல்லை என்று இவற்றை முதலில் வெட்டினால் நன்கொடையும் சேர்ந்து குறையும். குறைந்தால் மறுபடி வெட்டு. இந்தச் சுழலில் ஒரு கண்ணியை அறுப்பதற்குச் சில லட்சம் டாலர் போதும். டிரான்ஸ்மிட்டர் மின்கட்டணத்துக்கோ செய்தியாளர் சம்பளத்துக்கோ இதே பணத்தைப் பிரித்துக் கொடுத்திருந்தால் யாருக்கும் தெரியாமல் கரைந்திருக்கும். இலக்கைச் சுருக்கியதில்தான் இந்தத் திட்டத்தின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

அதன் வரம்பும் அங்கேதான். ஏபிடி தொலைக்காட்சிக்கு மட்டுமே நிகழ்ச்சி தருகிறது. வானொலி நிலையங்களுக்கு, குறிப்பாகப் பழங்குடி மக்களின் ஊர்களில் இயங்கும் சிறு வானொலிகளுக்கு, இந்த ஏலத்தால் ஒரு சென்ட் கிடையாது. பிபிஎஸ் சந்தாவுக்கும் இது உதவாது. அர்கன்சாஸ் மாநில நிலையம் 2025 டிசம்பரில் பிபிஎஸ்ஸை விட்டு விலகுவதாக அறிவித்தபோது சொன்ன சந்தா, ஆண்டுக்கு சுமார் 25 லட்சம் டாலர். மூன்று ஓவியங்களின் சுத்தியல் தொகை, ஒரே ஒரு மாநிலத்தின் ஒரே ஒரு ஆண்டுச் சந்தாவில் ஐந்தில் ஒரு பங்கு. பாட்டு உரிமம் இன்னொரு தலைவலி. இசை உரிமை அமைப்புகளுடன் எல்லா நிலையங்களுக்கும் சேர்த்து ஒரே ஒப்பந்தமாகப் பேசிப் பணம் கட்டிவந்தது பொது ஒலிபரப்புக் கழகம்தான். அது போனபின் அந்த வேலையை யாராவது செய்தாக வேண்டும். அதற்கெல்லாம் எந்த மலைக்காட்சியும் உதவிக்கு வராது.

சந்தைக்கே வராத ஓவியர்

பாப் ராஸ் 1942இல் புளோரிடாவின் டேடோனா பீச்சில் பிறந்தவர். அமெரிக்க விமானப் படையில் இருபது ஆண்டுகள். அதில் அலாஸ்காவின் ஐல்சன் தளத்தில் கழித்த காலம்தான் அந்தப் பனிமலைகளையும் ஊசியிலை மரங்களையும் அவர் கையில் ஏற்றியது. ஜெர்மனியிலிருந்து வந்த பில் அலெக்ஸாண்டர் என்ற ஓவியர் தொலைக்காட்சியில் காட்டிய ஈரத்தின் மேல் ஈரம் தீட்டும் முறையை, அதாவது உலராத வண்ணத்தின் மேலேயே அடுத்த வண்ணத்தைத் தீட்டுவதை, கற்றுக்கொண்டார். அவர் நடத்திய 'தி ஜாய் ஆஃப் பெயின்டிங்' தொலைக்காட்சி நிகழ்ச்சி 1983 முதல் 1994 வரை 31 சீசன்கள், 403 பகுதிகள். முதல் சீசன் வர்ஜீனியாவில். பிறகு இந்தியானாவின் மன்சி நகரில். ஒரு சீசனுக்கான பதின்மூன்று பகுதிகளையும் இரண்டு நாட்களுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் எடுத்து முடிப்பார். நிகழ்ச்சிக்கு அவர் சம்பளம் வாங்கவில்லை. வருமானம் எல்லாம் புத்தகம், வகுப்பு, பிரஷ், வண்ணம் விற்பனையில். 1995 ஜூலை 4 அன்று 52 வயதில் புற்றுநோயால் இறந்தார்.

ஒவ்வொரு பகுதிக்கும் அவர் மூன்று முறை அதே காட்சியைத் தீட்டினார். முதலாவது ஒத்திகை, படப்பிடிப்பில் கேமராவுக்குத் தெரியாத இடத்தில் நிறுத்திப் பார்த்துக்கொள்ள. இரண்டாவது, கேமரா ஓடும்போது இருபத்தேழு நிமிடத்துக்குள் முடித்தது. மூன்றாவது, படிப்படியாகப் போட்டோ எடுத்துப் புத்தகத்தில் போடுவதற்காக நிதானமாகத் தீட்டியது. மூன்றில் இதுதான் நுணுக்கம் கூடியதாக இருக்கும். வேடிக்கை என்னவென்றால், இந்த ஏலங்களில் மவுசு அதிகம் அவசரமாகத் தீட்டிய இரண்டாவதுக்குத்தான்.

இவற்றில் பெரும்பகுதி விற்கப்படவே இல்லை. வர்ஜீனியாவில், ராஸின் பெயரை நிர்வகிக்கும் பாப் ராஸ் இன்க் நிறுவனத்தின் அலுவலகத்தில் அட்டைப் பெட்டிகளில் 1,165 ஓவியங்கள் இருப்பதாக 2019இல் தெரியவந்தது. சில ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போயின. ராஸ் உயிரோடு இருந்தபோது பிபிஎஸ் நிலையங்களின் நிதி திரட்டலுக்காக ஓவியங்களைக் கொடுத்திருக்கிறார். வெளியே சுற்றிக்கொண்டிருந்தவற்றில் பல அப்படி வந்தவை. முதல் சீசனின் முதல் பகுதியில் தீட்டிய ஓவியமும் அப்படி ஒரு நிலையத்தின் வழியாக வெளியே போனதுதான். 2023இல் மினியாபொலிஸ் கேலரி ஒன்று அதற்கு 98.5 லட்சம் டாலர் விலை சொன்னது. சொன்ன விலை வேறு, விற்ற விலை வேறு என்பதை மறந்துவிடக் கூடாது. கேலரிக்காரர் எந்த எண்ணையும் அட்டையில் எழுதி மாட்டலாம். ஏலத்தில் இரண்டு பேர் கையைத் தூக்கினால்தான் எண் நகரும்.

அந்த வகையில் உண்மையான அடையாள விலை 2025 ஆகஸ்டில்தான் கிடைத்தது. பான்ஹாம்ஸ் இரண்டு மலை-ஏரி ஓவியங்களை 1,14,800 டாலருக்கும் 95,750 டாலருக்கும் விற்றது. சுத்தியல் கணக்கில் 90,000, 75,000. அந்தப் பின்னணியில்தான் அக்டோபரில் முப்பது ஓவியங்களின் அறிவிப்பு வந்தது. முப்பதையும் ஏபிடிக்குக் கொடையாகத் தந்தது பாப் ராஸ் இன்க்.

முப்பதையும் ஒரே நாளில் ஏன் விற்கவில்லை? ஒரு லட்சம் டாலர் கொடுத்து பாப் ராஸ் ஓவியம் வாங்க முன்வருகிறவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? முப்பது ஓவியங்களும் வரிசையாக வந்தால், முதல் ஐந்தில் தீவிரமானவர்கள் வாங்கிவிட்டு எழுந்து போவார்கள், மீதி இருபத்தைந்து மதிப்பீட்டுக்குக் கீழே தள்ளாடும். மூன்று மூன்றாகக் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் தோற்றவர் அடுத்த முறைக்குக் காத்திருப்பார், போன முறை விலை அடுத்த முறைக்கு அடித்தளமாகும். அதனால்தான் லாஸ் ஏஞ்சலஸுக்குப் பிறகு மற்றவற்றை 2026இல் பாஸ்டன் பக்கம், நியூயார்க், லண்டன் என்று பிரித்துப் போடத் திட்டமிட்டார்கள். பலன் தெரிந்தது: 2026 ஜனவரியில் மாசசூசெட்ஸ் ஏலத்தில் ஒரே ஓவியம் 7,87,900 டாலருக்குப் போனது. சுத்தியல் தொகை 6,20,000. இதையும் நவம்பர் மூன்றையும் கூட்டினால், நான்கே ஓவியங்களில் 11,40,000 டாலர். மதிப்பீட்டில் பிரீமியம் சேராது என்பதால் சுத்தியல் தொகையோடுதான் ஒப்பிட வேண்டும். அப்படி ஒப்பிட்டாலும், முப்பதுக்கும் சேர்த்துப் போட்ட கீழ்மட்ட மதிப்பீட்டை நாலே நாலு தாண்டிவிட்டன.

குறைந்த மதிப்பீடு ஒரு தந்திரமும்தான். முப்பதுக்கு 8.5 முதல் 14 லட்சம் என்றால் ஒன்றுக்குச் சராசரியாக 28,000 முதல் 47,000 டாலர். ஆகஸ்டிலேயே 90,000க்குப் போன ஓவியருக்கு இது அடக்கமான எண். அடக்கமாகப் போட்டால் 'எனக்கும் வாய்ப்பு இருக்கிறது' என்று நிறையப் பேர் பதிவு செய்வார்கள். அறையில் கை அதிகமானால் விலை தன்னால் ஏறும். விற்பவர் ஆசைப்பட்டு மதிப்பீட்டை உயர்த்தினால் பதிவு செய்கிறவர்களே குறைந்துபோவார்கள்.

கத்தி வைத்த இடம்

பாப் ராஸ் ஓவியத்தில் போலிப் பிரச்சினை விசித்திரமானது. அந்த முறையே யாரும் அதே ஓவியத்தைத் தீட்டிவிடலாம் என்பதற்காக உருவாக்கப்பட்டது. 18க்கு 24 அங்குலக் கேன்வாஸ், அதில் மெல்லியதாகப் பூசிய திரவ வெள்ளை, இரண்டு அங்குல பிரஷ், விசிறி பிரஷ், கத்தி, பதின்மூன்று வண்ணங்கள். அதே கேன்வாஸ், அதே பிராண்டு வண்ணம், அதே பாடம் படித்துச் சான்றிதழ் வாங்கிய ஆசிரியர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். கெட்ட எண்ணமே இல்லாமல் தீட்டிய ஓவியம் கூட, கையெழுத்து மட்டும் மாற்றினால் சந்தைக்கு வந்துவிடும். இடது கீழ் மூலையில் சிவப்பில் இருக்கும் 'ராஸ்' கையெழுத்தை நம்பி வாங்குவது மடத்தனம்.

ஒளிபரப்பில் தீட்டிய ஓவியத்துக்கோ மற்ற ஓவியர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்காத சாட்சி இருக்கிறது: அது பிறந்த முழு வீடியோ. பனியைப் பாருங்கள். டைட்டானியம் வெள்ளையைத் தட்டில் மெல்லியதாக இழுத்து, கத்தியின் விளிம்பில் சின்ன உருளையாக வண்ணத்தை எடுத்து, மலைச்சரிவில் எடையே போடாமல் மேலிருந்து கீழே இழுப்பார். அடியில் இருக்கும் கருநீலம் ஏற்கெனவே தேய்த்து இறுகியிருப்பதால் வெள்ளை சில இடத்தில் பிடிக்கும், சில இடத்தில் விட்டுப்போகும். இந்த விட்டுப்போன பொட்டுகளின் வரிசை, கேன்வாஸின் நூல்மேடு, வண்ணத்தின் கெட்டித்தன்மை, கையின் நடுக்கம் எல்லாம் சேர்ந்து தற்செயலாக விழுவது. அதே மனிதர் அடுத்த நாள் அதே மலையைத் தீட்டினாலும் அந்தப் பொட்டுகள் அதே இடத்தில் விழாது. ஆகவே வீடியோவை நிறுத்தி, ஓர் உச்சியின் வெள்ளைத் திட்டுகளை ஓவியத்தோடு ஒன்றுக்கொன்று வைத்துப் பார்த்தால், ஒத்திகை ஓவியமா, ஒளிபரப்பு ஓவியமா, புத்தக ஓவியமா என்று பிரித்துவிடலாம். மரத்தின் இலைகளை ஒப்பிடப் போகாதீர்கள். பிரஷ் நுனியால் தட்டிய இலை பழைய வீடியோவின் தெளிவில் கலங்கலாகத்தான் தெரியும். கத்தி வைத்த இடமும், கடைசியில் லைனர் என்ற மெல்லிய பிரஷால் இழுத்த கிளைகளும்தான் சரியான அடையாளங்கள்.

ஏபிடியின் முப்பதுக்கு இன்னொரு பலமும் உண்டு: ஓவியரின் நிறுவனத்திலிருந்து நேராக ஏபிடிக்கு, அங்கிருந்து ஏல அறைக்கு. நடுவில் யார் கையும் இல்லை. கை மாறிய வரலாறு இவ்வளவு சுத்தமாக இருப்பதற்கே வாங்குகிறவர் கூடுதலாகக் கொடுப்பார்.

இதைப் பார்த்து மற்றவர்கள் செய்தால்

பொதுத் தொலைக்காட்சிக்கு ஏலம் புதிதில்லை. சான் பிரான்சிஸ்கோவின் கேக்யூஇடி 1955இலேயே பணமுடையில் திரையிலேயே ஏலம் நடத்தியது. பல நிலையங்கள் அதைப் பின்பற்றின. உள்ளூர் ஓவியர்களிடம் படம் கேட்டு வாங்கி ஏலம் விடும் யோசனை இதைப் பார்த்து மற்றவர்களுக்கும் வரலாம். அங்கே வழக்கமாக இடறும் இடங்கள் சில.

முதலாவது வரி. அமெரிக்கச் சட்டப்படி ஓர் ஓவியர் தன் படைப்பைத் தானே நன்கொடையாகக் கொடுத்தால், வரிக்குரிய வருமானத்திலிருந்து சந்தை விலையைக் கழிக்க முடியாது. கேன்வாஸ், வண்ணத்துக்கான செலவை மட்டும்தான் கழிக்கலாம். பத்தாயிரம் டாலர் ஓவியத்துக்கு நாற்பது ஐம்பது டாலர் கழிவு. சேகரிப்பாளர் கொடுத்தாலும், வாங்கிக்கொண்ட அமைப்பு அதைத் தன் பணிக்குப் பயன்படுத்தாமல் விற்றுவிட்டால், அவர் முன்பு வாங்கிய விலை அளவுக்குத்தான் கழிவு. இதைச் சொல்லாமல் படம் வாங்கிவிட்டு, வரிக் கணக்கு கொடுக்கும் ஏப்ரலில் திட்டு வாங்கும் நிலையங்கள் உண்டு. 5,000 டாலருக்கு மேல் கழிவு கேட்க வேண்டுமானால் தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும். மூன்று ஆண்டுகளுக்குள் அமைப்பு அதை விற்றால் வரித்துறைக்கு விற்ற விலையைத் தெரிவிக்கும் படிவமும் தர வேண்டும். ஏலத்தில் வாங்குகிறவருக்கும் இதே பாடம்: நியாயமான சந்தை மதிப்புக்கு மேல் கொடுத்த பகுதி மட்டும்தான் நன்கொடை. பாப் ராஸ் மாதிரி திறந்த ஏலத்தில் போட்டிபோட்டு ஏறிய விலையே சந்தை மதிப்பு என்பதால், வாங்கியவர் கழிவு கேட்க இடம் பெரும்பாலும் இருக்காது.

அடுத்தது, ஓவியரின் விலையைக் கெடுப்பது. கேலரியில் 4,000 டாலருக்குப் போகும் ஓவியம், விருந்து மண்டபத்தின் மூலையில் வைத்த, விலையைத் தாளில் எழுதிக் கேட்கும் மௌன ஏலத்தில் 600 டாலருக்குப் போனால் அந்த எண் ஊரெல்லாம் பரவும். கேலரிக்காரர் கடுப்பாவார், ஓவியர் அடுத்த ஆண்டு தொலைபேசியை எடுக்க மாட்டார். அதனால் ரிசர்வ் விலை கட்டாயம்: அதற்குக் கீழே போனால் விற்பதில்லை என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் ரகசிய எண். ஏல நிறுவனங்களின் விதிப்படி அது கீழ்மட்ட மதிப்பீட்டைத் தாண்டக் கூடாது. விற்ற தொகையில் ஒரு பங்கு ஓவியருக்கே என்று வைப்பது இன்னும் மரியாதை. பாதிக்குப் பாதி என்றால் நல்ல ஓவியங்கள் வரும். முழுவதும் இலவசம் என்றால் பெரும்பாலும் விற்காமல் கிடந்தவைதான் வந்து சேரும்.

பொருளைக் கையாள்வதில் நடக்கும் நாசம் தனி. ராஸ் பாணி ஓவியத்தில் மலையின் பனி மேடாக நிற்கும். பபிள் ராப்பின் குமிழ்ப் பக்கத்தை வண்ணத்தின் மேல் படும்படி சுற்றினால், வெயிலில் நின்ற வண்டிக்குள் வண்ணம் இளகி வட்டவட்டமாகத் தடம் விழும். அது போகவே போகாது. முன்பக்கம் எதுவும் தொடாதபடி மூலைகளுக்கு அட்டை முட்டுக் கொடுத்து, அதன் மேல்தான் உறை. ஒட்டாத சிலிகான் தாள் இருந்தால் நல்லது. செய்தித்தாள் கூடவே கூடாது. கேன்வாஸின் பின்பக்கம் பெயர்ச்சீட்டை அழுத்தி ஒட்டினால் சில மாதத்தில் முன்பக்கம் செவ்வகமாகப் புடைக்கும். சீட்டை மரச் சட்டத்தில் ஒட்டுங்கள். புதிதாகத் தீட்டிய எண்ணெய் ஓவியம் என்றால் ஆறு மாதத்துக்குள் வார்னிஷ் அடித்துக் கொடுப்பது அழகுக்காகச் செய்யும் கெடுதி: உள்ளே இன்னும் உலராத வண்ணம் சுருங்கும்போது மேல்பூச்சு வெடிக்கும். தூசியிருந்தால் மென்மையான உலர்ந்த பிரஷ். ஈரத்துணி, ஸ்பிரிட் எதுவும் வேண்டாம்.

உரிமை பற்றியும் ஏல அறிக்கையிலேயே ஒரு வரி இருக்க வேண்டும். ஓவியத்தை வாங்கியவருக்குக் கிடைப்பது அந்தக் கேன்வாஸ் மட்டும். அதைப் படமெடுத்து டி-ஷர்ட்டிலோ குவளையிலோ அச்சடித்து விற்கும் உரிமை அமெரிக்கச் சட்டப்படி ஓவியத்தோடு தானாகச் சேர்ந்து வராது. பாப் ராஸ் விஷயத்தில் ஓவியரின் பெயரும் உருவமும் கூட நிறுவனத்தின் பிடியில் இருக்கின்றன. மூன்று லட்சம் கொடுத்தவர் சுவரில் மாட்டலாம், மறுபடி விற்கலாம், பேரப்பிள்ளைக்கு எழுதிவைக்கலாம். அவ்வளவுதான்.

கடைசியாக, ஏல நிறுவனத்தோடு கையெழுத்திடும் ஒப்பந்தம். விற்பவர் கமிஷன் எத்தனை சதவீதம், வாங்குபவர் பிரீமியத்தில் நற்காரியத்துக்குப் பங்கு உண்டா, போட்டோவும் இன்சூரன்ஸும் யார் தலையில், வாங்கியவர் பணம் கட்டாமல் போனால் என்ன, பணம் எத்தனை நாளில் கைக்கு வரும். ஐந்துக்கும் எழுத்தில் பதில் வாங்க வேண்டும். வாய்வார்த்தைக்கு ஏல அறையில் மதிப்பில்லை. ஆறாவதாக, விற்காமல் போன ஓவியத்துக்கு என்ன செய்வது என்பதையும் எழுத வேண்டும். ரிசர்வைத் தொடாமல் திரும்பிய ஓவியத்தைச் சந்தை நினைவில் வைத்திருக்கும். அதே ஓவியத்தை இரண்டு மாதத்தில் குறைந்த மதிப்பீட்டோடு கொண்டுபோனால் இன்னும் கீழே கேட்பார்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் எடுத்துவைத்துவிட்டு வேறு நகரத்தில், வேறு ஓவியங்களின் நடுவே கொண்டுவருவதுதான் வழக்கம். அவசரச் செலவு இருக்கும் நிலையத்தால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்பதால், ரிசர்வைத் தொடக்கத்திலேயே தாழ்வாக வைத்து ஏலத்தை அறையில் இருப்பவர்கள் கையில் விட்டுவிடுவது அவர்களுக்கு உசிதம்.